நடுவில் இருந்த முப்பது வருடங்கள்: பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சருக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பாலஸ்தீனத்தை ஆண்ட உங்கள் காலனி அலுவலகம் இன்று இல்லை. 1966-ல் அது காமன்வெல்த் அலுவலகத்துக்குள் போனது, 1968-ல் அதுவும் வெளியுறவு அலுவலகத்தோடு சேர்ந்தது, 2020-ல் வளர்ச்சி உதவித் துறையும் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர்ப் பலகை எத்தனை முறை மாறினால் என்ன, வாரிசு நீங்கள்தான். பழைய கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோப்புகளில் ஒரு பகுதியைப் பற்றித்தான் இந்த மடல்.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய உதவுவோம் என்று 1917-ல் உங்கள் அரசு அறிவித்தது பால்ஃபர் பிரகடனம். 2017-ல் அதன் நூற்றாண்டு வந்தபோது உங்கள் பிரதமர் தெரசா மே அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். 2025 ஜூலையில் ஐ.நா.வில் பேசிய அன்றைய வெளியுறவு அமைச்சர் டேவிட் லாமி, இந்த விஷயத்தில் பிரிட்டனுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது என்றார்; பாலஸ்தீன மக்களின் உரிமை பற்றிப் பிரகடனம் சொன்ன பாதி காப்பாற்றப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தீர்கள். எட்டு வருடத்தில் பெருமையிலிருந்து பொறுப்பு வரை வந்திருக்கிறீர்கள். சரி, நல்லதுதான்.

ஆனால் நீங்கள் பேசும்போதெல்லாம் 1917-ல் ஒரு காகிதம் இருக்கிறது, அப்புறம் நேராக 1948 வந்துவிடுகிறது. நடுவில் முப்பது வருடங்கள் அந்த நாட்டை ஆண்டது யார்? யார் உள்ளே வரலாம், எத்தனை பேர், எந்த மாதம், கையில் எவ்வளவு பணத்தோடு என்று முடிவெடுத்தது யார்? நீங்கள் இதுவரை முழுதாகப் பேசாதது அந்த நடுப்பகுதி. அதைப் பேச வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தொடக்கத்திலேயே ஒன்று. பிரகடனத்தை எதிர்த்து உங்கள் அரசுக்குள்ளேயே உரக்கப் பேசியவர், அன்றைய அமைச்சர்களில் ஒருவரும் யூதருமான எட்வின் மாண்டேகு. எங்கள் பள்ளிப் பாடத்தில் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அதே இந்தியா மந்திரி. யூதர்களுக்கு ஒரு தேசம் என்று அறிவித்தால், பிற நாடுகளில் இருக்கும் யூதர்களை எல்லாரும் அந்நியராகப் பார்க்கத் தொடங்குவார்கள் என்று அவர் அஞ்சினார். அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய பிறகு, 1917 நவம்பர் 2-ஆம் தேதி பிரகடனம் வந்தது. பாலஸ்தீனத்தில் அப்போது பத்தில் ஒன்பது பேர் அரேபியர்கள். அவர்களில் ஒருவரையும் நீங்கள் கேட்கவில்லை.

அதன் பிறகு கணக்கு தொடங்கியது. 1922-ல் சர்ச்சில் காலனி மந்திரியாக இருந்தபோது வந்த வெள்ளை அறிக்கை, நாட்டின் பொருளாதாரம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேர் வரலாம் என்றது. கேட்க நியாயமாக இருக்கிறது. தாங்கும் அளவை அளந்தது யார்? ஜெருசலேமில் இருந்த உங்கள் அதிகாரிகளும் யூத அமைப்புகளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எத்தனை தொழிலாளர்கள் தேவை என்று பேரம் பேசி ஒரு பட்டியல் போடுவார்கள். அதற்கேற்ப அனுமதிச் சான்றிதழ் கிடைக்கும். ஆயிரம் பவுண்டு சொந்தப் பணம் வைத்திருந்தவருக்கு அந்த வரிசையே கிடையாது, தனி வாசல். அந்த மண்ணில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவரிடம், உங்கள் ஊர் தாங்குமா என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. தேர்தலில் வந்த சட்டசபை ஒன்றுகூட அந்த நாட்டுக்குக் கடைசி வரை அமையவில்லை. 1922-ல் நீங்கள் காட்டிய சபையை அரேபியர்கள் புறக்கணித்தார்கள். 1935-ல் காட்டியதை யூதத் தலைமை மறுத்தது, 1936-ல் உங்கள் நாடாளுமன்றமே அதைக் கிழித்துப் போட்டது.

1922 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 7 லட்சத்து 57 ஆயிரம் பேர், அதில் யூதர்கள் 84 ஆயிரம். 1931-ல் மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டியது, யூதர்கள் ஒன்றேமுக்கால் லட்சம். அப்புறம் ஹிட்லர் வந்தான். 1935-ல் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள்.

அவர்கள் எல்லாரும் பாலஸ்தீனத்தில் யூத தேசம் என்ற சியோனியக் கனவோடு வந்தவர்கள் என்று நினைத்தால் தப்பு. அமெரிக்கா 1924-லேயே கதவைப் பாதி சாத்தியிருந்தது. 1938 ஜூலையில் பிரான்ஸின் ஏவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றி அனுதாபமாகப் பேசிவிட்டுக் கலைந்தன. அந்த மாநாட்டில் பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டது உங்கள் பிரதிநிதிக் குழு. ஐரோப்பா செய்த பாவத்துக்கு ஐரோப்பா இடம் கொடுக்கவில்லை. உலகில் கால்வாசி நிலம் உங்கள் கொடியின் கீழ் இருந்தது. அவ்வளவு நிலத்திலும் அகதிகளின் பாரத்தை இறக்கி வைக்க உங்களுக்குக் கிடைத்த இடம், தன் எதிர்காலத்தை நினைத்து ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சின்ன நாடு.

பாலஸ்தீன அரேபியர்களின் கோபம் அங்கேதான் வெடித்தது. 1936 ஏப்ரலில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது. அவர்களின் கோரிக்கை மூன்று: குடியேற்றத்தை நிறுத்து, நில விற்பனையை நிறுத்து, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கொடு. மூன்றாவதை நாங்களும் அதே வருடங்களில் உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் தந்த பதில் கூட்டு அபராதம், வீடு இடிப்பு, தூக்குமேடை. 1936 ஜூனில் யாஃபா பழைய நகரத்தின் நடுவே வெடி வைத்துப் பாதை போட்டீர்கள். நகரச் சீரமைப்பு என்று அதற்கு விளக்கமும் கொடுத்தீர்கள். மூன்று வருடக் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான அரேபியர்கள் செத்தார்கள். அவர்களை அடக்கி முடித்த பிறகு, அவர்கள் கேட்டதில் ஒரு பகுதியை எடுத்துக் கொள்கையாக அறிவித்தீர்கள்.

அதுதான் 1939 மே 17-ஆம் தேதி காலனி மந்திரி மால்கம் மெக்டொனால்டு வெளியிட்ட வெள்ளை அறிக்கை. ஐந்து வருடத்தில் 75 ஆயிரம் யூதர்கள் வரலாம்: வருடத்துக்குப் பத்தாயிரம், அதோடு அகதிகள் 25 ஆயிரம். அதற்கு மேல் ஒருவர் வருவதானாலும் அரேபியர்களின் சம்மதம் வேண்டும். அனுமதி இல்லாமல் கரை ஏறியவர்களை அந்த 75 ஆயிரத்திலிருந்தே கழித்துவிடுவோம். பத்து வருடத்தில் சுதந்திர நாடு.

பெரும்பான்மை மக்களின் சம்மதம் இல்லாமல் ஒரு நாட்டின் மக்கள்தொகையை வெளியே இருந்து மாற்றக் கூடாது என்பது அந்த அறிக்கையில் இருந்த சரியான கருத்து. அதை 22 வருடம் தாமதமாகச் சொன்னீர்கள், அதுவும் அந்தக் கருத்தின் மேல் பிறந்த மரியாதையால் இல்லை. போர் வரப்போகிறது, சூயஸ் வேண்டும், எண்ணெய் வேண்டும், இந்திய முஸ்லிம்களின் மனநிலை கெட்டுவிடக் கூடாது. யாரையாவது பகைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் யூதர்களைப் பகைத்துக்கொள்வோம், அரேபியர்களை வேண்டாம் என்று பிரதமர் சேம்பர்லின் அமைச்சரவைக் குழுவில் சொன்னது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. யூதர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, ஹிட்லர் பக்கம் போகவா போகிறார்கள் என்ற கணக்கு. அதனால் அறிக்கையை இரண்டு தரப்பும் நம்பவில்லை. யூதர்கள் துரோகம் என்றார்கள். பாலஸ்தீன அரேபியத் தலைவர்களின் அமைப்பான அரேபிய உயர் குழுவும் ஏற்க மறுத்தது.

பெரும்பான்மையின் சம்மதம் என்று பாலஸ்தீனக் கதவைச் சாத்தியவர்கள், வேறு பத்துக் கதவைத் திறந்திருந்தால் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. திறக்கவில்லையே. பிரிட்டிஷ் கயானாவில் குடியேற்றலாமா என்று ஓர் ஆய்வறிக்கையை அதே மே மாதம் வெளியிட்டீர்கள்; அது காகிதத்தோடு நின்றது. பிரிட்டனுக்குள் எழுபதாயிரம் பேர் வரை போருக்கு முன் சேர்த்துக்கொண்டீர்கள். அதை மறுக்கவில்லை, அன்று பல நாடுகள் அதுகூடச் செய்யவில்லை. குழந்தைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1938 கடைசியில் பத்தாயிரம் யூதக் குழந்தைகளைப் பாலஸ்தீனத்துக்குள் விடுங்கள் என்று பாலஸ்தீன யூதர்களின் பிரதிநிதி அமைப்பான யூத ஏஜென்சி கேட்டது, மறுத்தீர்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கைக் குழந்தைகளை பிரிட்டனுக்கு வரவிட்டீர்கள், பெற்றோர் இல்லாமல். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் அந்தக் குழந்தைகளுக்குச் சிலை நிற்கிறது. அம்மா அப்பாவுக்கு விசா கொடுக்காத கதை அந்தச் சிலையில் இல்லை.

அறிக்கையை நாடாளுமன்றத்தில் மிகக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் சர்ச்சில். மறு வருடமே பிரதமரானார், ஐந்து வருடம் ஆண்டார், அறிக்கை அப்படியே இருந்தது. தொழிற்கட்சியும் எதிர்த்தது, 1945-ல் ஆட்சிக்கு வந்ததும் அதன் வெளியுறவு மந்திரி பெவின் அதே கொள்கையைத் தொடர்ந்தார். எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஒரு நாக்கு, நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு நாக்கு. இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி நான் குறிப்பாகக் கேட்க வந்த விஷயம்.

1940 இலையுதிர் காலத்தில் வியன்னா, டான்சிக், பிராக் ஊர்களிலிருந்து தப்பிய யூதர்கள் டான்யூப் ஆற்றின் வழியே ருமேனியாவின் துல்சியா துறைமுகத்துக்கு வந்தார்கள். அங்கே மூன்று ஓட்டைக் கப்பல்கள்: அட்லாண்டிக், பசிபிக், மிலோஸ். அட்லாண்டிக்கில் நிலக்கரி தீர்ந்துபோனது. பயணிகள் கப்பலின் மரத் தடுப்புகளையே பெயர்த்துக் கொதிகலனில் போட்டார்கள். டைஃபாய்டு பரவியது. செத்தவர்களைக் கடலில் இறக்கினார்கள். நவம்பரில் பசிபிக்கும் மிலோஸும் முதலில் பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகம் வந்து சேர்ந்தபோது, கரையில் இறங்கவிடாமல் எல்லாரையும் பாட்ரியா என்ற பெரிய கப்பலில் ஏற்றினீர்கள். நவம்பர் 20-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது: இவர்கள் தூரத்துக் காலனி ஒன்றுக்கு அனுப்பப்படுவார்கள், போர் முடிந்த பிறகும் பாலஸ்தீனத்துக்குள் வர முடியாது.

24-ஆம் தேதி அட்லாண்டிக் வந்தது. மறுநாள் காலை அதன் பயணிகளையும் பாட்ரியாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. வைத்தது பாலஸ்தீன யூதர்களின் ரகசிய ஆயுதப் படையான ஹகானா. கப்பல் கிளம்பாமல் முடக்குவதுதான் அவர்கள் திட்டம். ஆனால் பழைய கப்பலின் பக்கவாட்டே பெயர்ந்து சில நிமிடங்களில் சாய்ந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்கள் கையாலேயே அந்தச் சாவு நடந்தது. அந்தப் பழி அவர்களுடையது. அந்த அகதிகளை அந்தக் கப்பலில் அடைத்து வைத்த பழி உங்களுடையது.

பாட்ரியாவில் உயிர் பிழைத்தவர்களைப் பரிதாபப்பட்டு லண்டன் அமைச்சரவை பாலஸ்தீனத்தில் இருக்கவிட்டது. அட்லாண்டிக்கிலேயே மிச்சம் இருந்தவர்கள் மேல் அந்தப் பரிதாபம் வரவில்லை. ஒரே ஆற்றில் ஒன்றாக வந்தவர்கள்தான். குண்டு வெடித்த நேரத்தில் எந்தக் கப்பலில் கால் வைத்திருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அவர்களை அட்லித் முகாமுக்குக் கொண்டுபோனீர்கள். டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலையில் போலீஸ் வந்தபோது, உடை களைந்து படுக்கையிலேயே கிடந்து மறுத்தார்கள், துணி இல்லாமல் இழுத்துப் போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். தடியால் அடித்துப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனார்கள். ஏறக்குறைய 1,580 பேர் இரண்டு டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டு, டிசம்பர் 26-ஆம் தேதி மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள்.

அந்தத் துறைமுகம் எங்களுக்குத் தெரிந்த இடம். அடிமை முறையை ஒழித்த கையோடு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளை நீங்கள் இறக்கிய துறைமுகம் அது. இந்தியாவிலிருந்து போன நாலரை லட்சம் பேரில் சென்னையில் கப்பல் ஏறிய தமிழர்களும் உண்டு. அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் அங்கே தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது அந்தச் சின்னத் தீவு லட்சக்கணக்கில் தாங்கியது. நூறு வருடம் கழித்து அதே தீவில் ஆயிரத்தைந்நூறு அகதிகளுக்கு நீங்கள் கண்டுபிடித்த இடம், போ பாசின் சிறைச்சாலை.

ஆண்கள் சிறைக் கொட்டடியில். பெண்களும் குழந்தைகளும் மதிலுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில். கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்ளக்கூட அனுமதி வேண்டியிருந்தது. நெருக்கடி கொடுத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினீர்கள். மலேரியாவும் டைஃபாய்டும் பிடித்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள்; செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்தின் யூதப் பகுதியில் புதைக்கப்பட்டார்கள். எந்தக் குற்றத்துக்காகவும் யாரும் அவர்கள் மேல் வழக்குப் போடவில்லை. ஹிட்லரிடமிருந்து தப்பியவர்களை, ஹிட்லரோடு போரிட்டுக்கொண்டிருந்த நாடு நாலரை வருடம் சிறையில் வைத்திருந்தது. அதற்குள்ளிருந்தே சிலர் உங்கள் தரப்பில் போரிடப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். 1945 ஆகஸ்டில், போர் முடிந்தாலும் வர முடியாது என்று சொன்ன அதே ஹைஃபாவுக்கு அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியென்றால் எதற்காக அந்தச் சிறை?

வருகிறவர்கள் நடுவில் நாஜி உளவாளி இருக்கலாம், ஒருவரை விட்டால் ஆயிரம் பேர் கிளம்பி வருவார்கள் என்பது அன்று நீங்கள் சொன்ன காரணம். அந்த ஆயிரம் பேர் கிளம்பி வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

யூத அகதிகளை ஏற்றி வந்த ஸ்ட்ரூமா கப்பலைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை, ஓரளவு எல்லாருக்கும் தெரிந்த கதை. 1941 டிசம்பரில் எஞ்சின் பழுதாகி இஸ்தான்புல்லில் ஒதுங்கியது. பாலஸ்தீனத்தில் இறங்க நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால் துருக்கி கரை ஏற்றவில்லை. பத்து வாரம் அப்படியே நின்றது. குழந்தைகளை மட்டும் விடலாம் என்று கடைசியில் இறங்கி வந்தீர்கள், அதுவும் நடக்கவில்லை. 1942 பிப்ரவரியில் துருக்கி அதைக் கருங்கடலுக்குள் இழுத்து விட்டது. மறுநாள் சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் குண்டில் மூழ்கியது. 700-க்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். குண்டு போட்டது நீங்கள் இல்லை, உண்மை.

இதையெல்லாம் செய்து காப்பாற்றிய அந்த 75 ஆயிரம் என்ற வரம்பு என்ன ஆனது? 1943 இலையுதிர் காலம் வரை சுமார் 44 ஆயிரம் பேர்தான் உள்ளே வந்திருந்தார்கள். ஏறக்குறைய 31 ஆயிரம் அனுமதி மேசையிலேயே மிச்சம் இருந்தது. போலந்து யூதர்களில் பெரும்பாலோர் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார்கள். போர்க்காலத்தில் தப்பும் வழி அடைபட்டிருந்தது பெரிய காரணம்தான். எதிரி நாட்டிலிருந்து வருகிறவருக்கு அனுமதி இல்லை என்ற உங்கள் விதியும் ஒரு காரணம். யூதர்கள் எதிரி நாட்டிலிருந்து தப்பித்துத்தானே வர முடியும், வேறு எங்கிருந்து வருவார்கள்?

போருக்குப் பிறகு நடந்தவை உலகத்தின் கண் முன்னால் நடந்தன: ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அடைத்த சைப்ரஸ் முகாம்கள், 1947-ல் எக்ஸோடஸ் கப்பலின் 4,500 பேரைத் திருப்பி அனுப்பி, கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலேயே இறக்கியது. அப்புறம் பிரச்சினையை ஐ.நா.விடம் கொடுத்துவிட்டு, 1948 மே மாதம் சாவியை யாரிடமும் ஒப்படைக்காமல் கிளம்பினீர்கள். ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். யார் உள்ளே வரலாம் என்று முப்பது வருடம் முத்திரை குத்திய அரசு, யாரும் வெளியே துரத்தப்படாமல் பார்த்துக்கொள்ள அங்கே இல்லை.

இந்த நடுப்பகுதியை நீங்கள் பேசாததால் ஒரு கேடு நடந்திருக்கிறது. ஒரு தரப்பு, பிரிட்டன் யூதர்களைக் கொண்டுவந்து குடி வைத்தது என்று மட்டும் சொல்கிறது. மறு தரப்பு, பிரிட்டன் யூதர்களை வரவிடாமல் சாகவிட்டது என்று மட்டும் சொல்கிறது. தமிழ்ச் சமூக வலைத்தளங்களிலும் இதே சண்டைதான், ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டு. இரண்டையும் செய்தது ஒரே அலுவலகம், ஒரே கோப்பு வரிசை. ஒருவர் இன்னொருவரின் பாதியைக் கேட்டால் தன் பாதி பொய்யாகிவிடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தைப் போக்கக்கூடிய சாட்சி நீங்கள் மட்டும்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. 1920 முதல் 1948 வரையிலான குடியேற்றக் கொள்கையைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வையுங்கள். அதில் யாஃபாவில் இடித்த வீடுகளும் அட்லித் முகாமில் அடித்த தடியும் ஒரே காகிதத்தில் இருக்கட்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத வேண்டாம். மொரீஷியஸில் அடைக்கப்பட்டவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அன்று குழந்தையாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள், காலம் அதிகம் இல்லை. 2016 முதல், நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா டவர் தோட்டத்தில் யூத இன அழிப்பு நினைவகமும் கற்றல் மையமும் கட்டுவோம் என்று சொல்லி வருகிறீர்கள். அங்கே காப்பாற்றப்பட்ட பத்தாயிரம் குழந்தைகளின் கதைக்கு எவ்வளவு சுவர் ஒதுக்குகிறீர்களோ, அதே அளவு சுவரை 1939 வெள்ளை அறிக்கைக்கும் போ பாசின் சிறைக்கும் ஒதுக்குங்கள். அந்த அறிக்கை எந்த மக்களின் கிளர்ச்சிக்குப் பிறகு வந்தது, அவர்களை நீங்கள் எப்படி அடக்கினீர்கள் என்பதும் அதே சுவரில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்களை ஆண்டபோது எங்கள் மனுக்களைப் படித்துச் சொல்லச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தீர்கள், இப்போதும் கிடைப்பார்கள். பதிலை ஆங்கிலத்திலேயே அனுப்புங்கள், படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய காலனி ஒன்றின் குடிமகன்